கையால் கழற்ற முடியாத சக்கரம்

இந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் போய் இறங்கினால் முதலில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தைத்தான் பார்க்கிறார்கள். அதன் நடுவில் இரண்டு பக்கமும் இறுகி உட்கார்ந்திருக்கும் நட்டுகளைக் கண்டதும் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போகும். அதன் பிறகுதான் "மிஸ்ஸி, மாசோக்" என்று உள்ளே கூப்பிடுவார்கள். மிஸ்ஸி என்றால் இங்கே நர்ஸ். பிரசவம் பார்க்கும் நர்ஸாக இந்த நாட்டில் பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஒரு மருத்துவச்சியின் சைக்கிள் சக்கரத்தில் மலாக்காக்காரர்களுக்கு என்ன அக்கறை என்று ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். சொல்கிறேன். சொல்வதற்குப் பெரிய உற்சாகம் ஒன்றும் இல்லை; காலையிலிருந்து மூன்று வீடு ஏறி இறங்கிய கால் வலிக்கிறது. ஆனால் சொல்லாமல் வைத்துக்கொண்டிருப்பது அதைவிட அலுப்பாக இருக்கிறது.

நான் குடியிருப்பது காஜா பெராங்கில், ஒரு தையற்காரர் வீட்டு மாடியில். ஜன்னலைத் திறந்தால் செட்டிகள் குடியிருக்கும் கிராமம், இங்கே அதைக் கம்பம் என்பார்கள். செட்டி என்றதும் நம்மூர் வட்டிக்கடைக்காரர்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் பல தலைமுறைக்கு முன்னால் நம் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர்களின் வம்சம். வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் இருக்கும். உள்ளே பிள்ளையார் இருப்பார். வீட்டுப் பெண்ணின் பெயர் மீனாட்சி என்றிருக்கும். அந்த மீனாட்சி கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்திக்கொண்டு மலாயில்தான் பேசுவாள். வந்த புதிதில் ஒரு வீட்டில் விபூதித் தட்டைப் பார்த்த சந்தோஷத்தில் பத்து நிமிடம் தமிழில் பொரிந்து தள்ளினேன். அந்த அம்மாள் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குத் தாகம் என்று நினைத்திருக்கிறார்.

சைக்கிள் எனக்கு வந்தது வெள்ளைக்காரர்கள் கொடி இறங்கி இந்த நாட்டுக் கொடி ஏறிய வருடத்தில். எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்கார சிஸ்டர் சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை நான் ஓட்டியது ஆபீஸ் சைக்கிள். மேட்டில் அது என்னை ஏற்றாது, நான்தான் அதை ஏற்றவேண்டும். சிஸ்டருடையதை ஒரு கையில் தூக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவார். அதற்காகவே அதன் சக்கரங்கள் விசேஷமானவை. அச்சின் ஒரு முனையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கைப்பிடி. அதைத் திருப்பிவிட்டால் சக்கரம் கையோடு வந்துவிடும். ஸ்பானர் வேண்டாம், கடைக்காரர் வேண்டாம். சிஸ்டர் செய்து காட்டியபோது எனக்கு அது அபசகுனம் மாதிரிதான் பட்டது. இவ்வளவு சுலபமாகக் கழலுகிற ஒன்றை நம்பி எப்படி ஏறி உட்காருவது? "ஈஸி," என்றார் அவர். பதினைந்து வருடம் இருந்த ஊரைவிட்டு இரண்டே பெட்டியோடு கிளம்பிப் போனார்.

மீனாட்சி வீட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவளுக்கு ஏழாவது மாதம் பார்க்கப் போனபோது அவள் மாமியார் ஒரு பித்தளை வெற்றிலைத் தட்டை என் முன்னால் நகர்த்தி வைத்தார். புருஷன் செத்தவளுக்கு நம்மூரில் யாரும் தாம்பூலம் நீட்டுவதில்லை. என் இருபத்தைந்தாவது வயதிலிருந்து எத்தனையோ வீடுகளில் அந்தத் தட்டு என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு அது என் முன்னாலேயே நின்றது. தாம்பூலம் என்றால் வந்த காரியம் முடிந்தது, போய் வாருங்கள் என்றுதானே நமக்கு அர்த்தம்? எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அந்த வீட்டு வழக்கத்தில் அதற்கு நேர் எதிரான அர்த்தம். ஏழாம் மாதம் மருத்துவச்சி வெற்றிலையை எடுத்துக்கொண்டால் அவள் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டவள். வலி என்று கூப்பிட்டு மருத்துவச்சி உள்ளே வந்துவிட்டால், குழந்தை பிறக்கும்வரை படி தாண்டக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மருத்துவச்சிக்கே தெரியாமலிருக்கும் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்?

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் வலி என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். தலைச்சன் பிள்ளை, வலி அப்போதுதான் தொடங்கியிருந்தது, இன்னும் பல மணி நேரம் இருந்தது. செமாபோக்கில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். அவளைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மாமியார் முகம் மாறிவிட்டது. "மிஸ்ஸி சுடா அம்பெக் சிரே," என்றார். வெற்றிலை எடுத்துக்கொண்டாயே என்கிறார். ஆமாம், நல்ல வெற்றிலை, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் மண்ணில் மண்டியிட்டுக் கிடந்தது. மீனாட்சியின் புருஷன் சுப்ரமணியம் கிணற்றடியில் நின்று தென்னை மரத்தின் உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சக்கரம் எங்கே என்றால் "தா தாவு" என்கிறார், தெரியாதாம். பிற்பகல் குழந்தை பிறந்து, கழுவத் தண்ணீர்ப் பாத்திரத்தை இழுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் என் சக்கரம் பழம்பாயில் சுற்றிக் கிடந்தது. சுப்ரமணியமே இரண்டு கையாலும் எடுத்துவந்து மாட்டிக் கொடுத்தார். பயத்தில் வெளிறிப்போயிருந்த அந்த மனிதரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. செமாபோக்குக்குப் போகாததற்கு என்னைத்தான் சுகாதார நிலையத்தில் திட்டினார்கள்.

நல்ல யோசனை பரவுவதற்குப் பத்திரிகை தேவையில்லை. அந்த மாதத்தில் மட்டும் நான்கு வீடுகளில் சக்கரம் காணாமல் போனது. செட்டிகள் வீடு, மலாய்க்காரர் வீடு, நம் தமிழர் வீடு என்ற வித்தியாசமே இல்லை. வெற்றிலை கொடுக்காதவர்களும் சக்கரத்தை எடுத்தார்கள். செங் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு சக்கரத்தையுமே எடுத்துக் கோழிக்கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். முதலில் சிரித்தேன். பிறகு அலுத்துப் போனது. புக்கிட் பாருவில் செல்லம்மாள் இல்லாமல் இருந்திருந்தால் அலுப்போடே விட்டும் இருப்பேன்.

செல்லம்மாளும் அவள் புருஷன் முத்தையாவும் புக்கிட் பாருவுக்கு அப்பால் ஒரு சீனருடைய சின்ன ரப்பர்க் காட்டில் பால் வெட்டுகிறவர்கள். முன்பு வேறொரு பெரிய தோட்டத்தில் இருந்தார்கள். அங்கே இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் பிறக்கும்போதே உயிர் இல்லை. இது மூன்றாவது. ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, வலி வந்துச்சின்னா நீங்க வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன்."

சொல்லிவிட்டேன். சேதி வரும் நேரத்தில் நான் எந்த வீட்டில் இருப்பேன், என் சக்கரம் எந்தக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அவளுக்கு நாள் நெருங்குவதற்குள் இந்தக் கைப்பிடியை ஒழித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

காஜா பெராங் முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஆ ஹோ என்ற சீனரிடம் கொண்டுபோனேன். அவருடையது சீன மலாய், என்னுடையது தமிழ் மலாய். பாதிப் பேச்சு கையால்தான். இது வேண்டாம், நட்டு போடுங்கள் என்றேன். அவர் கைப்பிடியைத் திருப்பிச் சக்கரத்தை எடுத்து, நடுவிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை உருவி, அச்சை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். உள்ளே குழாய். அதன் வழியாக எதிர்ச்சாரிக் கடை தெரிந்தது. "கோசோங்," என்றார், உள்ளே ஒன்றுமில்லை. நட்டு பூட்டலாம் என்றால் அந்த அச்சு சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைத் தாண்டி வெளியே நீளவே இல்லை. ஆக, நட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. அச்சையே எடுத்துவிட்டு நீளமான கெட்டி அச்சு போடவேண்டும்.

அவர் ஒரு சாதாரண சைக்கிளின் அச்சை எடுத்து, சக்கரத்தின் பழைய கோனை, அச்சின் முனையில் ஏறும் கூம்பு நட்டை, அதில் திருகிப் பார்த்தார். மூன்று சுற்றுப் போய் நின்றுவிட்டது. மரை வேறு. சிஸ்டரின் சக்கரம் ஏதோ வேறு நாட்டில் செய்தது. இங்கே கிடைக்கும் இங்கிலீஷ் அச்சோடு அது ஒத்துப்போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் திருகினால் போகாதா என்றேன். "பக்சா போலே. பெசோக் மாத்தி," என்றார். அழுத்தலாம், நாளைக்குச் செத்துவிடும். பிரசவ வீடுகளில் அவசரப்படுகிற எத்தனையோ மாமியார்களுக்கு நான் சொல்லும் பதில்தான் அது, வாயை மூடிக்கொண்டேன். அச்சும் கோனும் ஒரே மரையாக இருக்கவேண்டும். அந்தக் கோன் சக்கரத்துக் கிண்ணத்தில் சரியாக உட்காரவேண்டும். இடையில் ஓடும் குண்டுகளும் அளவு பிசகக்கூடாது. ஒரு தகர டப்பா நிறைய இருந்த பழைய கோன்களைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொருத்திச் சுற்றிப் பார்த்தார். ஒன்று கடகடத்தது, ஒன்று இறுகியது. முன்சக்கரத்துக்கு டப்பாவிலேயே கிடைத்துவிட்டது. பின்சக்கரத்துக்குச் சிங்கப்பூருக்குச் சொல்லி அனுப்பினார். வந்த அச்சு மயிரிழை தடிமன் கூடுதல். ஃபோர்க்கின் காடியை அரத்தால் ராவினால்தான் உள்ளே இறங்கும். ராவத் தொடங்கும் முன் என்னைப் பார்த்து, இனிமேல் பழையபடி வராது என்று கையை விரித்தார். நல்ல சாமானைக் கெடுக்கச் சொல்கிறாளே என்ற வருத்தம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ராவுங்கள் என்றேன். கடைசியில் நட்டுகளைப் போட்டு, ஸ்பானரின் நுனியைப் பிடித்து, உடம்பின் கனத்தையே அதில் போட்டு முடுக்கினார். எல்லாம் முடிய ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளும் நடந்தேன். நடக்கிறவளுக்கு யோசனைகள் வந்துவிடும். சைக்கிளில் அவ்வளவு வராது. நாகப்பட்டினத்தில் நான் கப்பல் ஏறியபோது என் மகளுக்கு நாலு வயது. புருஷன் போன பிறகு தஞ்சாவூரில் பிரசவப் படிப்புப் படித்து, மலாயாவில் வேலை என்றதும் அவளைத் திருவாரூரில் என் அக்காவிடம் விட்டேன். மூன்று வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். கரையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். மூன்று வருடம் கழித்து வேலை நிரந்தரமாகும் நேரம் என்று நின்றேன். அப்புறம் குடியேற்றச் சட்டம் வந்தது. போனால் மறுபடி உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று நின்றேன். இப்போது குடியுரிமைக்கு எழுதிப் போடச் சொல்கிறார்கள். அந்த ஃபாரம் என் மேஜையில் ஒரு மாதமாகக் கிடக்கிறது. என் மகளுக்குப் பதினைந்து வயது. கடிதத்தில் என் அக்காவை அம்மா என்றும், என்னை மலாயா அம்மா என்றும் எழுதுகிறாள். உண்மையைச் சொன்னால், எனக்கு அங்கே போகவே இப்போது பயமாக இருக்கிறது.

சைக்கிள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலையில், பால் வெட்டு முடியும் நேரத்தில், செல்லம்மாளுக்கு வலி என்று பால் லாரிக்காரர் வந்து சொன்னார். நான் அப்போது ஒரு மலாய்க்காரர் வீட்டில் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சக்கரம் அதன் இடத்தில் இருந்தது. மிதித்தேன்.

செல்லம்மாளின் வயிற்றில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. போன வாரம் கீழே இருந்த தலை இப்போது வலது விலாப் பக்கம் தட்டுப்பட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. பனிக்குடம் இன்னும் உடையவில்லை. அது உடைந்து கை முதலில் வந்துவிட்டால், இந்தப் பலகை வீட்டில் வைத்துத் தாயையும் காப்பாற்ற முடியாது, பிள்ளையையும் காப்பாற்ற முடியாது. ஆஸ்பத்திரி வண்டி வந்தாகவேண்டும். போன் இருப்பது இரண்டு மைல் தள்ளிப் பெரிய சாலையில், போலீஸ் சாவடியில். முத்தையா போய்ச் சொன்னால் அவரையே பத்துக் கேள்வி கேட்பார்கள். நர்ஸ் நிலைமையை இங்கிலீஷில் சொன்னால் வண்டி உடனே கிளம்பும். நான்தான் போகவேண்டும்.

"அக்கா, நீங்க போவாதீங்க. என்னா ஆனாலும் பரவால்ல, நீங்க இங்கயே இருங்க," என்றாள் செல்லம்மாள்.

"போன் பண்ணிட்டு வந்துர்றேன். எழுந்திரிக்காத, முக்காத. பக்கத்து வீட்டு அக்கா ஒங்கூட இருக்கும்."

"அந்த டிரெசரும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு."

போன பிரசவத்தில் அவளைப் பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு, கார் கொண்டுவருகிறேன் என்று போன டிரெசர், அங்கே டாக்டருக்குப் பதிலாக இருக்கும் கம்பவுண்டர், மறுநாள் உச்சிப்பொழுதில்தான் வந்தாராம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. இதை அவள் எனக்கு முன்பு சொன்னதே இல்லை. என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எனக்குத் தெரிந்த வேலைதான்.

வெளியே முத்தையா சைக்கிளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோள் துண்டைச் சுற்றி நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். துண்டில் ரத்தம். விரல் முட்டிகள் உரிந்திருந்தன.

"கையால வராது முத்தையா. நகருங்க," என்றேன்.

"வரல நர்ஸம்மா," என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல். "போனவங்க யாரும் நேரத்துக்குத் திரும்பி வரல. வேற என்னா செய்யிறதுன்னு எனக்குத் தெரியல."

வருவேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாகப்பட்டினத்துக் கரையில் நான் சொன்ன அந்தச் சொல் என்ன ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியுமே. அவர் தோளைத் தொட்டேன். நகர்ந்துகொண்டார்.

செம்மண் பாதையில் அந்த இரண்டு மைலை எப்படி மிதித்தேன் என்று இப்போது நினைவில்லை. சாவடியில் இருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனை நகர்த்தினார். வண்டி அங்கேயே வந்தது. சைக்கிளைச் சாவடிச் சுவரில் சாய்த்துவிட்டு, வழி காட்ட அதில் ஏறிக்கொண்டேன். செல்லம்மாள் நான் சொன்னபடியே அசையாமல் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டியில் அவளுக்கும் எனக்கும்தான் இடம். முத்தையாவைப் பின்னால் வரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவளை நேரே அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அடிக்கடி வாசலைப் பார்த்தேன், முத்தையா வரவில்லை.

மாலை நாலு மணிக்கு மேல், சைக்கிளை எடுக்கலாம் என்று பஸ் ஏறிப் போலீஸ் சாவடியில் இறங்கினேன். முத்தையா என் சைக்கிளின் பக்கத்தில், சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். காலையில் அசைக்க முடியாத அந்தச் சக்கரத்தின்மேல் ஒரு கையை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். அவராகக் கேட்கமாட்டார் என்று புரிந்ததும் நானே சொன்னேன்.

"பொம்பளப் புள்ள. நல்லா அழுதுச்சு. செல்லம்மாளும் நல்லாருக்கு."

அவர் மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டை முகத்தில் பொத்திக்கொண்டார். போலீஸ்காரர் உள்ளேயிருந்து ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நானும் சுவரோரம் உட்கார்ந்தேன்.

"ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?" என்று கேட்டேன்.

"ஆசுபத்திரி வாசல்ல நின்னு புள்ள இல்லன்னு ரெண்டு தடவ கேட்டுட்டேன் நர்ஸம்மா. மூணாந்தடவ அங்க போயி நிக்கக் கால் வரல. ஒங்க சைக்கிளு இங்க நிக்கிதில்ல, இத எடுக்க நீங்க எப்படியும் வருவீங்க. அதான் இங்கயே ஒக்காந்துட்டேன்."

"நான் வராமப் போயிருந்தா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல ஒரு பார்வை. "அது எப்படி? இத விட்டுட்டு நீங்க எங்க போயிருவீங்க?"

கரையில் என் அக்காவும் அன்றைக்கு என் மகளிடம் இதைத்தான் சொல்லியிருப்பாள். உன்னை விட்டுவிட்டு அம்மா எங்கே போய்விடுவாள், எப்படியும் வருவாள். அதை நம்பி அவள் எத்தனை நாள் வாசலில் உட்கார்ந்திருந்தாளோ, எனக்குத் தெரியாது. இங்கே, ஒரு சைக்கிளுக்காக, நான் ஒரே பகலில் திரும்பி வந்துவிட்டேன்.